பழைய டோப்போ ஷீட்டும் இட்ரெக்ஸும் ஒத்துப்போகவில்லை. எந்த மென்பொருள் வாங்கலாம்?

போடிமெட்டு

வணக்கம். கார்மின் இட்ரெக்ஸ் 30 (கையடக்க ஜிபிஎஸ் கருவி) ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. போன மாதம் அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு குரங்கணியிலிருந்து சென்ட்ரல் என்கிற இடத்தின் வழியாக டாப் ஸ்டேஷன் ஏறினோம். வழி முழுக்க ட்ராக் (நடந்த தடம்) பதிவு செய்தேன்.

என் மாமா வைத்திருந்த பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டை (மேடு பள்ளம் காட்டும் நில வரைபடம்) ஸ்கேன் செய்து, நான்கு மூலைகளுக்கும் ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்துக் கணினியில் ஏற்றினேன். அதன்மேல் ட்ராக்கைப் போட்டால் தலைசுற்றுகிறது. ஓடையின் இந்தக் கரையில் நடந்தோம், படத்தில் அந்தக் கரையில் போயிருக்கிறோம். ஊற்று என்று குறித்த புள்ளி எதிர்ச் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கருவி பழுதா? இல்லை, மென்பொருள் கோளாறா? காசு கொடுத்து ஓஸி எக்ஸ்ப்ளோரர் என்கிற வரைபட மென்பொருள் வாங்கினால் சரியாகுமா, இலவச க்யூஜிஐஎஸ் போதுமா, இல்லை இதையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு போன் செயலியோடு இருந்துவிடலாமா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஷோலாக்குருவி

வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள் அண்ணே. விலகல் எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் இருக்கிறதா? ஷீட்டின் எண் என்ன? அதே ட்ராக்கை கூகுள் எர்த்தில் போட்டால் எங்கே விழுகிறது?

போடிமெட்டு

கூகுள் எர்த்தில் தார்ச்சாலை வருகிற இடங்களில் சாலைமேலேயே விழுகிறது. ஷீட்டில்தான் தகராறு. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே திசையில், அளந்து பார்த்தால் 200 மீட்டர் சுமாருக்கு நகர்ந்திருக்கிறது. ஷீட் எண் 58 எஃப் என்று தொடங்குகிறது. 1970களில் அச்சானது.

கல்வரப்பு

தம்பி, கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அது சரியாகத்தான் இருக்கிறது. ஷீட்டும் சரிதான். இரண்டும் வேறு வேறு பூமியில் நிற்கின்றன.

1802இல் லாம்ப்டன் என்கிற அளவையாளர் நம்ம பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை வேலை பின்னால் ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்குப் போனது. அவர் 1830இல் இந்தியாவின் அளவைகளுக்குப் பொருந்தும்படி பூமியின் வடிவத்துக்கு ஒரு நீள்கோளக் கணக்கைக் கொடுத்தார். 58 எஃப் மாதிரி எண் போட்ட பழைய ஷீட்டுகளெல்லாம் அந்தக் கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. இது மொத்த பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிட்டது. அதனால் ஒரே பாறைக்கு இரண்டிலும் வெவ்வேறு எண் வரும். உங்கள் பக்கத்து மலைகளில் அந்த வித்தியாசம் தரையில் கிட்டத்தட்ட 200 மீட்டர். நீ அளந்ததும் அதுதான்.

ஓரத்து எண்களைக் கொடுத்தது தப்பில்லை. அவை எந்த டேட்டத்தில், அதாவது எந்தப் பூமிக் கணக்கில் இருக்கின்றன என்று மென்பொருளிடம் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல். எதுவும் சொல்லாவிட்டால் அது டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டிருக்கும்.

க்யூஜிஐஎஸ் போதும், காசு வேண்டாம். அதில் ஜியோரெஃபரன்சர் (ஸ்கேன் படத்தைப் பூமியில் அதன் இடத்தோடு பொருத்தும் பகுதி) திறந்து, மூலைகளோடு நிறுத்தாமல் உள்ளே 5 நிமிட (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) இடைவெளியில் வருகிற குறுக்குக் குறிகளையும் சேர்த்துக்கொள். பழைய தாள் ஈரத்தில் இழுத்திருக்கும், நான்கு மூலை மட்டும் நம்பினால் நடுவில் பிசகும். ஆயமுறை (எண்கள் எந்தக் கணக்கில் என்பது) கேட்கும்போது கல்யாண்பூர் 1975 என்பதை எடு, குறியீடு 4146. எல்லாம் முடிந்த பிறகு 4326க்கு, அதாவது டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றிச் சேமி. முதலிலேயே 4326 கொடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஓஸியிலும் இதே வேலை நடக்கும், டேட்டம் கேட்டு வாங்கிக்கொள்ளும் நல்ல மென்பொருள். ஆனால் விண்டோஸ் வேண்டும், காசும் வேண்டும்.

கரட்டுவழி

இவ்வளவு பாடு எதுக்கு என்று கேட்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இலவச வரைபடத்திலிருந்து செய்த ஐஎம்ஜி கோப்பு (கார்மின் படிக்கும் வரைபடக் கோப்பு), ஒரே உயர இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளோடு, ஓப்பன்டோப்போமேப் தளத்தில் நாடுவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. கருவியின் கார்மின் ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. படமாக இல்லாமல் கோடுகளாகவே சேமித்த திசையன் வரைபடம் என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கலங்காது.

கல்வரப்பு

கரட்டுவழி சொல்வதை மறுக்கவில்லை, நானும் அதைத்தான் கருவியில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்ளணும். இலவச வரைபடமோ போன் செயலியோ, பெரும்பாலும் தாய்ச் சரக்கு ஒன்றுதான்: 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்காட்டில் ரேடார் தரை வரை போவதில்லை, மர உச்சியையும் சேர்த்தே உயரமாக எண்ணிவிடும்.

ஒருமுறை சரிவு சாதாரணமாக இருக்கிறதே என்று திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு முகட்டிலிருந்து இறங்கினேன். கோடுகள் சீராக, விரல் அகலத்துக்கு விலகி இருந்தன. தரையில் என் உயரத்துக்கு மூன்று மடங்கு பாறை செங்குத்தாக நின்றது. இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுந்ததைத் தரவு வழித்துவிட்டது. திரும்பி ஏற இரண்டு மணி நேரம். 50,000க்கு 1 அளவு டோப்போ ஷீட்டிலும் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர்தான், அதனால் அதுவும் எல்லாப் பாறையையும் காட்டிவிடாது. ஆனால் அதில் பாறைமுகத்துக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள். அதற்காகத்தான் ஷீட்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

போடிமெட்டு

புரிந்தது அண்ணே. ஷீட்டை அப்படியே இட்ரெக்ஸில் ஏற்ற முடியுமா? ஏற்கெனவே கேஎம்இசட் (கூகுள் எர்த் கோப்பு) ஆக்கிப் போட்டுப் பார்த்தேன், எழுத்தே படிக்க முடியவில்லை. சாணி பூசின மாதிரி இருக்கிறது.

ஷோலாக்குருவி

முழு ஷீட்டையும் ஒரே படமாகப் போட்டிருப்பீர்கள். கஸ்டம் மேப்பில் (நாமே ஏற்றும் படத்தில்) ஒரு துண்டுக்கு 1024க்கு 1024 புள்ளிதான் (பிக்சல்) எடுத்துக்கொள்ளும். மேற்கொண்டு இருப்பதைச் சுருக்கிவிடும். ஷீட் ஒரு பக்கம் 15 நிமிடம், அதாவது 27 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கணக்குப் போடுங்கள், ஒரு புள்ளிக்கு 27 மீட்டர். எழுத்து எப்படித் தெரியும்?

நீங்கள் நடக்கப்போகிற பகுதியை மட்டும் 5 கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள், புள்ளிக்கு 5 மீட்டர் வரும். நாலைந்து துண்டு போதும். கருவி மொத்தம் 100 துண்டு வரைதான் காட்டும், அதனால் ஜில்லா முழுக்க ஏற்ற ஆசைப்படாதீர்கள். வெட்டினதை கூகுள் எர்த்தில் மேலடுக்காக வைத்து கேஎம்இசட் ஆகச் சேமித்து, கார்மின் ஃபோல்டருக்குள்ளே கஸ்டம்மேப்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

இன்னொன்று. சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் புதிய ஓப்பன் சீரீஸ் ஷீட்டுகளைப் பிடிஎஃப்பாக இறக்கலாம். 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் வந்தவை, உங்கள் பகுதிக்கு எண் சி43 என்று தொடங்கும், நேராக டபிள்யூஜிஎஸ் 84. உங்கள் 4146 வேலையே வேண்டாம். (இதையும் ஓஎஸ்எம் என்றுதான் சுருக்குவார்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போடு குழப்பிக்கொண்டு நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.)

கரட்டுவழி

போன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஓஸ்மாண்ட் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். நான் இரண்டையும் எடுத்துப் போவேன், போன் பைக்குள், இட்ரெக்ஸ் கையில். இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு நாள் தாராளமாக ஓடும். சார்ஜ் செய்கிற பேட்டரி போட்டால் அமைப்பில் பேட்டரி வகையை மாற்றிவிடு, இல்லாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டிப் பயமுறுத்தும்.

போடிமெட்டு

செய்துவிட்டேன்! 4146 கொடுத்து, குறுக்குக் குறி எல்லாம் சேர்த்தேன். ஊற்று இப்போது ஓடைக் கரையிலேயே நிற்கிறது. வெட்டின துண்டில் ஊர்ப் பெயரும் படிக்க முடிகிறது. ஓஸி வாங்க வைத்திருந்த காசில் பேட்டரி வாங்கிக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். சென்ட்ரலுக்கு மேலே ஓரிடத்தில் ட்ராக் இன்னும் 60 மீட்டர் போல ஷீட்டுப் பாதையை விட்டு விலகி, கொஞ்ச தூரத்தில் திரும்ப வந்து சேர்ந்துகொள்கிறது. திசையும் மாறி மாறி வருகிறது. டேட்டத்தில் இன்னும் பிழையா?

கல்வரப்பு

இல்லை. டேட்டம் பிழை என்றால் எல்லா இடத்திலும் ஒரே பக்கம் இழுக்கும். ஓரிடத்தில் மட்டும் கோணல்மாணலாக ஆடினால் மர நிழலிலோ பாறை மறைவிலோ சிக்னல் தட்டித் திரும்பியிருக்கும். இல்லாவிட்டால் ஐம்பது வருஷத்தில் பாதையே மாறியிருக்கும். கூட வந்த வழிகாட்டியிடம் கேள், அவருக்குத் தெரியும்.

போடிமெட்டு

கேட்டேன் அண்ணே. மண் சரிந்த பிறகு சுற்றிப் போகிறார்களாம்.