ஆர் நிரலை ரஸ்ட்டுக்கு மாற்றியபின் கால்மானம் பொருந்தவில்லை: வாய்க்கால் நீரளவுக் கணக்கில் உதவி தேவை

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். தஞ்சாவூர்ப் பகுதியில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் தலைமதகில் நாள்தோறும் குறிக்கப்படும் கன அடி அளவுகளைக் கொண்டு, ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையிலான பாசனப் பருவத்தில் 75 விழுக்காடு நாள்களுக்கு நம்பத்தக்க நீர்வரத்தைக் கணக்கிடும், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதிய நிரல் எங்களிடம் உள்ளது. மதகருகே உள்ள சிறு கணினியில் ஆர் நிறுவ இயலாததால் அதை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதுகிறேன்.

75 விழுக்காடு நாள்களில் நீர்வரத்து எட்டும் அளவு என்பது, கால் பங்கு நாள்கள் மட்டும் கீழே நிற்கும் மதிப்பு, அதாவது கால்மானம். அதற்காக ஆரில் குவான்டைல் சார்புக்கு 0.25 தந்து, என்ஏ (பதிவில்லை) மதிப்புகளை நீக்கச் சொல்லியிருக்கிறது. ரஸ்ட்டில் ஒவ்வொரு மதிப்பையும் பார்ஸ் செய்து (எழுத்திலிருந்து எண்ணாக மாற்றி), தோல்வியுற்றால் அன்ராப்_ஆர் வழியாக 0.0 வைத்து, வரிசைப்படுத்தி, எண்ணிக்கையை 0.25-ஆல் பெருக்கி, அதன் முழுஎண் பகுதியைச் சுட்டெண்ணாகக் கொள்கிறேன். உண்மைத் தரவில் விடை ஆரைவிடக் குறைகிறது. 10, 20, 30, 40 என்ற சோதனையிலோ ஆர் 17.5 தர, ரஸ்ட் 20 தருகிறது. ஒரே பிழையானால் ஒரே பக்கம்தானே சாய வேண்டும்?

குடமுருட்டி:
பிழைகள் இரண்டு இருப்பதால்தான் இரு பக்கமும் சாய்கிறது. ஆரில் கால்மானத்தைக் கணக்கிட ஒன்பது முறைகள் உண்டு; நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் ஏழாவது முறை இயங்கும். அதில் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து 0.25-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் சோதனையில் 3 × 0.25 = 0.75, ஆகவே 10-க்கும் 20-க்கும் இடையே முக்கால் தூரம், அதாவது 17.5. ரஸ்ட்டில் சுட்டெண் 0-இல் தொடங்குவதால் இந்த 0.75 அப்படியே பொருந்தும். முழுஎண் பகுதி கீழ் மதிப்பையும், பின்னம் இடைத்தூரத்தையும் தரும்.

மற்றது இதைவிடக் கவலைக்குரியது. முறைப்பாசனத்தில் ஷட்டர் அடைத்த நாளின் 0 உண்மையான 0. அளவுகோல் பார்க்கப்படாத நாளின் என்ஏ நாம் அறியாத அளவு. ஆர் பின்னதை விலக்குகிறது. உங்கள் நிரல் அதையும் வறண்ட நாளாக்கிவிடுகிறது. கடைமடை வயல்களுக்கு எவ்வளவு நீர் வரும் என்று இதை நம்பி முடிவெடுப்பார்கள் என்பதால், பார்ஸ் செய்ததை மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று காட்டும் ஆப்ஷன் வகையில் வைத்து, என்ஏ என்ற எழுத்து வந்தால் மட்டும் நன் (மதிப்பு இல்லை) என்று கொண்டு நீக்குங்கள். வேறு எழுத்து வந்தால் நிரல் வரி எண்ணைச் சொல்லி நிற்கட்டும். வரிசைப்படுத்த, எண்களை ஒப்பிடும் டோட்டல்_சிஎம்பி போதும்.

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி, இரண்டையும் திருத்தியபின் கால்மானம் பொருந்துகிறது. பருவச் சராசரி மட்டும் கடைசி ஓரிரு இலக்கங்களில் வேறுபடுகிறது.

அரசலாறு:
அது நிரலின் குறையன்று. வழக்கமான இன்டெல் வகைக் கணினிகளில் ஆர் சராசரிக்கான கூட்டலை 80 பிட் எண்களில் செய்து, எஞ்சும் பிழையை இரண்டாம் முறை கூட்டிச் சரிசெய்கிறது. ரஸ்ட்டின் எஃப்64 என்ற எண் வகை 64 பிட்டில் நிற்கிறது. சோதனையில் இரு விடைகளும் சமமா என்று பாராமல், வேறுபாடு ஒரு சிறு வரம்புக்குள் உள்ளதா என்று பாருங்கள். இரு மதிப்புகளை ஒப்பிடும் ஆரின் ஆல்.ஈக்வல், மதிப்பின் அளவோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 0.000000015 பங்கு வரையிலான வேறுபாட்டை ஏற்கிறது. அதே வரம்பு இங்கும் போதும்.