உதவி: அமெரிக்க அரசாங்கக் கட்டட வேலைக்கான சம்பளப் பட்டியல் திரும்பி வந்திட்டுது. ஃபிரிஞ்ச், ஓவர்டைம் கணக்கில எங்க பிழை?

இரவுஷிஃப்ட்காரி:
வணக்கம். கொழும்பில, வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணக்குப் பார்க்கிற இடமொன்றில வேலை. எங்கட கிளையன்ட் டெக்சஸில ஒரு எலெக்ட்ரிக்கல் சப் கொன்ட்ராக்டர். இவ்வளவு நாளும் தனியார் கட்டடங்கள்தான். இப்ப முதல்முதலா ஒரு ஃபெடரல் கட்டட வேலை கிடைச்சிருக்கு, டேவிஸ்-பேக்கன் சட்டம் (அரசாங்கக் கட்டட வேலைக்கு அந்த இடத்துக்குரிய ஆகக்குறைஞ்ச சம்பளத்தைக் குடுக்கச் சொல்லுற சட்டம்) பொருந்துமாம். சம்பளப் பட்டியலுக்கான டபிள்யூ.எச்-347 படிவம் நிரப்பி மெயின் கொன்ட்ராக்டருக்கு அனுப்பினம். "ஃபிரிஞ்ச் கிரெடிட் பிழை, ஓவர்டைம் பிழை, வகைப்படுத்தல் பிழை" எண்டு மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிட்டினம். வேற விளக்கம் இல்லை.

ஒரு எலெக்ட்ரீஷியன்ர கணக்கைப் போடுறன் (தொகைகளைக் கொஞ்சம் மாத்தியிருக்கிறன்). வேஜ் டிட்டர்மினேஷனில (தொழிலுக்குத் தொழில் அரசாங்கம் போட்ட சம்பள வீதப் பட்டியல்) அடிப்படை மணிக்கு 32.00 டொலர், ஃபிரிஞ்ச் (மருத்துவம், ஓய்வூதியம் மாதிரிச் சலுகையா, இல்லாட்டிக் காசாக் குடுக்கவேண்டிய மேலதிகத் தொகை) 11.40. கம்பனி அவருக்கு மாதம் 520 டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டுது. அந்த மாதம் அரசாங்க வேலையில 104 மணித்தியாலம், மிச்சம் தனியார் வேலையில. 520ஐ 104ஆல பிரிச்சா 5.00. அதைக் கிரெடிட்டாக் கழிச்சு மிச்சம் 6.40ஐக் காசாக் குடுக்குது சொஃப்ட்வெயர். ஒரு கிழமை முழுக்க அந்த சைட்டிலயே 46 மணித்தியாலம். அதுக்குக் குடுத்தது: 40 × 32, பிறகு 6 × 48, பிறகு 40 × 6.40. மொத்தம் 1,824 டொலர். எங்க பிழைக்குது? இரண்டு கிழமைக்கொருக்காச் சம்பளம் போடேக்க இதைப் பார்த்துத்தான் முடிக்கவேணும். ஆராவது உதவுங்கோ.

பம்பலப்பிட்டி_ரைஸ்பக்கட்:
எனக்கு அமெரிக்கக் கணக்கு பெரிசாத் தெரியாது. ஆனா முதலாளி கட்டுற சோஷல் செக்யூரிட்டி இருக்குதானே, 6.2 வீதம்? மெடிகெயர் 1.45 வீதம். எங்கட ஈ.பி.எஃப் 12 வீதம் மாதிரி அதையும் ஃபிரிஞ்சில சேர்த்தா 11.40 நிரம்பிடாதா?

தெமட்டகொட_நானா:
தம்பி, அந்த வழியில போயிடாதீங்க. சட்டம் கட்டாயமாக் கட்டச் சொல்ற எதுவும் ஃபிரிஞ்சில சேராது. சோஷல் செக்யூரிட்டி, மெடிகெயர், வேலையில்லாக் காப்புறுதி, வேலைத்தள விபத்துக் காப்புறுதி எல்லாமே வெளியில. முதலாளி தானா விரும்பிக் குடுக்கிற மருத்துவம், ஓய்வூதியம், சம்பளத்தோட லீவு, இப்படியானதுதான் கணக்கு. அதுவும் உண்மையான திட்டமா இருக்கணும், காகிதத்தில மட்டும் இருந்தாப் போதாது.

தங்கச்சி, உங்கட முதல் பிழை அந்த 104. காப்புறுதி அந்த மனுசனுக்கு வருசம் முழுக்க, எல்லா வேலைக்கும் சேர்த்துத்தான் இருக்கு. அதோட முழுச் செலவையும் அரசாங்க வேலை மணித்தியாலத்தின் தலையில கட்ட விடமாட்டாங்க. மாதம் 520 எண்டா வருசத்துக்கு 6,240 டொலர். அரசாங்க வேலை, தனியார் வேலை எல்லாம் சேர்த்து அவர் வருசத்தில செய்யிற மணித்தியாலத்தால பிரிக்கணும். முழுநேர ஆளுக்கு வழமையா 2,080 எண்டு எடுப்பாங்க. 6,240 / 2,080 = 3.00. அப்ப உங்களுக்குக் கிடைக்கிற கிரெடிட் 5 இல்லை, 3 டொலர்தான். மிச்சம் 8.40 காசாப் போகணும்.

இரண்டாவது, ஓவர்டைம் மணித்தியாலத்துக்கு ஃபிரிஞ்சே குடுக்கல்லை. ஒன்றரை மடங்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான், ஃபிரிஞ்ச் பெருக்கத்துக்குள்ள வராது. அதுக்காக அந்த மணித்தியாலங்களுக்கு ஃபிரிஞ்ச் இல்லையெண்டு ஆகாது. வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு மடங்கு குடுக்கணும்.

சரியான கணக்கு:
40 × 32 = 1,280
6 × 48 = 288
46 × 8.40 = 386.40
மொத்தம் 1,954.40

குறைஞ்சது 130.40 டொலர். ஒரு ஆள், ஒரு கிழமை.

இரவுஷிஃப்ட்காரி:
நானா, பெரிய உபகாரம். ஓவர்டைம் சங்கதி இப்பதான் விளங்குது. சொஃப்ட்வெயரில ஃபிரிஞ்சை "சாதாரண மணி"யோட மட்டும் கட்டி வச்சிருக்கு. மூண்டாவது சங்கதி: இரண்டு பேரை "எலெக்ட்ரீஷியன் ஹெல்பர்" எண்டு போட்டிருக்கு, டிட்டர்மினேஷனில அப்படியொரு வகையே இல்லை. கிளையன்ட் "அவங்க பழகுற பொடியங்கள்" எண்டு சொல்லுறார்.

வெள்ளவத்தைக்_கணக்கர்:
பழகுகிற பையன்கள் என்பது காணாது. அப்ரென்டிஸ் (தொழில் பழகுபவர்) என்று குறைந்த வீதத்தில் கொடுக்க வேண்டுமானால், அமெரிக்கத் தொழில் திணைக்களமோ அந்த மாநில அமைப்போ அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் அவர்கள் ஆளாளாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தேர்ந்த தொழிலாளருக்கு இத்தனை பேர் என்று அனுமதித்த விகிதத்துக்கு மேல் அப்ரென்டிஸ்கள் சைட்டில் நின்றால், மேலதிகமானவர்களுக்கும் முழு வீதம்தான். பதிவு இல்லையா? கையில் என்ன வேலை என்பதே வகையைத் தீர்மானிக்கும், பதவிப் பெயர் அல்ல. வயர் இழுத்து, கொண்டூயிட் (வயர் போகிற குழாய்) வளைத்து, பெட்டி பூட்டினால் அது எலெக்ட்ரீஷியன் வேலை, 32.00. சாமான் சுமந்து, கூட்டித் துப்புரவு செய்த நேரம் மட்டும் லேபரர் (சாதாரண கூலியாள்) வகை. ஒரே ஆள் இரண்டும் செய்தால் நேரத்தைப் பிரித்துக் காட்டலாம், ஆனால் சைட்டில் எழுதிய நேரப்பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் கூடின வீதத்தைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. மேலே போகிற போக்கில் "இரண்டு கிழமைக்கொருக்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பி அனுப்பினவர்கள் அதைக் கவனிக்கவில்லைப் போல. டேவிஸ்-பேக்கன் வேலையில் குறைந்தது கிழமைக்கொரு தடவை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். சான்றுரையோடு (பட்டியல் சரி என்று கையெழுத்திட்ட உறுதிமொழி) பட்டியல் போவதும் கிழமைக்குக் கிழமைதான், சம்பள நாளிலிருந்து 7 நாளுக்குள். ஒரு சின்ன சப் கொன்ட்ராக்டருக்கு அலுப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் விலக்குக் கேட்டுப் பிரயோசனமில்லை.

அதோடு எந்த டிட்டர்மினேஷனை எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். சாம் டொட் கவ் என்ற அமெரிக்க அரசாங்கத் தளத்தில் இன்றைக்கு இருப்பதை எடுத்துப் போட்டால் பிழைக்கலாம். ஒப்பந்தத்தோடு இணைத்ததுதான் செல்லும். நம் நாட்டில் ஆகக்குறைந்த சம்பளம் என்றால் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று நாடு முழுக்க ஒரே தொகை. அங்கே கவுண்டிக்குக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), தொழிலுக்குத் தொழில் வேறு. கட்டடமா, நெடுஞ்சாலையா, வீடமைப்பா என்பதைப் பொறுத்தும் மாறும். வெளியூர் ஒப்பந்தகாரர்கள் மலிவுக் கூலிக்கு ஆள் கொண்டுவந்து உள்ளூர்ச் சம்பளத்தை உடைக்கிறார்கள் என்ற முறைப்பாட்டில் 1931இல் பிறந்த சட்டம். அதனால்தான் இவ்வளவு இடம்பார்த்த கணக்கு.

இரவுஷிஃப்ட்காரி:
ஐயோ, கிழமைச் சம்பளம்! அதை ஆர் கிளையன்டுக்குச் சொல்லுறது. இன்னொரு கேள்வியும் இருக்கு. அவர் "படிவத்தின்ர அடியில நீங்களே டிஜிட்டலாக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ, எனக்கு நேரமில்லை" எண்டு கேட்கிறார். எங்கட மனேஜரும் போடச் சொல்லுறார்.

தெமட்டகொட_நானா:
போடாதீங்க. இதைத்தான் நான் பெரிசாச் சொல்லுவேன், கணக்குப் பிழையை விட.

டிஜிட்டல் கையெழுத்து செல்லும், அது பிரச்சினையில்லை. ஆனா அந்த அடிப்பக்கம் வெறும் கவரிங் லெட்டர் இல்லை. பட்டியல் சரி, முழுச் சம்பளமும் குடுத்தாச்சு, மறைமுகமாத் திருப்பி வாங்கல்லை, வகைக்கேத்த வீதத்துக்குக் குறையல்லை எண்டு ஒருவர் உறுதி சொல்ற இடம். பொய்யெண்டு தெரிஞ்சா குற்றவியல் வழக்கும் வரும், சிவில் வழக்கும் வரும். கம்பனியை 3 வருசம் அரசாங்க ஒப்பந்தத்திலிருந்து விலக்கியும் வைக்கலாம். கையெழுத்துப் போடவேண்டியவர் ஒப்பந்தகாரர், இல்லாட்டி சம்பளத்தைக் குடுக்கிற அல்லது குடுக்கிறதை மேற்பார்வை செய்யிற அவரோட பிரதிநிதி. நீங்க கொழும்பில இருந்து அவங்க அனுப்பின நேரத்தை ரைப் பண்றீங்க. அந்த ஹெல்பர் பொடியன் வயர் இழுத்தானா, கூட்டினானா எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?

மனேஜருக்கு எழுத்தில ஒரு வரி அனுப்புங்க: "படிவத்தைத் தயாரிச்சுத் தாறம், சான்றுரையில கிளையன்ட் கையெழுத்திடணும்." தொலைபேசியில கதைச்சு விடாதீங்க.

இரவுஷிஃப்ட்காரி:
நேற்று இரவு கிளையன்டோட கோல். கையெழுத்து அவரே போடுறார் எண்டு ஒத்துக்கொண்டார், கொஞ்சம் முகத்தைச் சுழிச்சபடி. கிழமைச் சம்பளம் அடுத்த கிழமையிலிருந்து. ஹெல்பர் இரண்டு பேரும் பதிவில்லை, அதால எலெக்ட்ரீஷியன் வீதத்துக்கு மாத்துறம். காப்புறுதியை 2,080ஆல பிரிச்சு, ஃபிரிஞ்சை மொத்த மணியோட கட்டச் சொஃப்ட்வெயரில மாத்தியாச்சு. கடைசிச் சந்தேகம்: குறைஞ்ச 130.40ஐ இனி வாற கிழமைச் சம்பளத்தோட சேர்த்துக் குடுத்தாக் காணுமா?

வெள்ளவத்தைக்_கணக்கர்:
காசைச் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் பட்டியலில் கலக்காதீர்கள். கலந்தால் இந்தக் கிழமை வீதம் கூடினதுபோல் தெரியும், பழைய கிழமை குறைந்தபடியே கிடக்கும். பழைய கிழமையின் பட்டியலைத் திருத்தி, அதே இலக்கத்தோடு "திருத்தியது" என்று எழுதி, பாக்கி எப்போது கொடுத்தது என்ற குறிப்போடும் புதிய சான்றுரையோடும் அனுப்பச் சொல்லுங்கள். பாக்கியும் சம்பளம்தான், வரி பிடிக்க வேண்டும். கொடுத்த அத்தாட்சியை வைத்திருங்கள், முழு ஒப்பந்த வேலையும் முடிந்து 3 வருடம் வரை கேட்கலாம். பட்டியலில் தொழிலாளியின் முழு சோஷல் செக்யூரிட்டி இலக்கமோ வீட்டு விலாசமோ போகக் கூடாது, கடைசி நான்கு இலக்கம் போதும். உங்கள் சொஃப்ட்வெயர் தானாக முழுதையும் அச்சடிக்கிறதா என்று அனுப்புமுன் ஒருக்கால் பாருங்கள்.

இரவுஷிஃப்ட்காரி:
முழுதையும்தான் அச்சடிக்குது! இப்பவே மாத்துறன்.