புதுப்பிப்பு: எண்ணெயே இல்லாத தாவர உணவு, எங்கே சறுக்குகிறது?

இதய நோய்க்குக் கறாரான தாவர உணவு நடைமுறைக்கு ஒத்துவருமா என்று முன்பு எழுதியதற்கு அதிகம் வந்த கேள்வி: "கொழுப்பு 10 சதவீதம் என்றால் தட்டில் எவ்வளவு?"

இந்த உணவில் மொத்தக் கலோரியில் 10 சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வரலாம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது சுமார் 22 கிராம் கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 14 கிராம் போய்விடும். கூடவே 30 கிராம் பாதாம் என்றால் கணக்கு தாண்டிவிட்டது. தானியம், பயறில் இயல்பாக இருக்கும் கொழுப்பு வேறு. வெளிச்சாப்பாட்டில் இந்த வரம்புக்குள் நிற்பது ஏறக்குறைய நடக்காத காரியம். வீட்டில் முடியும்: காய்ந்த சட்டியில் வெங்காயத்தைப் போட்டு, அடிப்பிடிக்கும் போதெல்லாம் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து வதக்குங்கள்.

இந்த உணவைப் பலர் விடுவது ருசியால் அல்ல, பசியால். இலையும் காயும் மட்டும் நிறைத்தால் கலோரி போதாது. வேளைக்கு ஒரு கப் வெந்த பயறாவது வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் 1990 ஆய்வில், இதுபோல் கொழுப்பை 10 சதவீதமாகக் குறைத்துச் சாப்பிட்ட இதய நோயாளிகளுக்குத் தமனி அடைப்பு சற்றே குறைந்தது. ஆனால் அதில் உடற்பயிற்சி, புகை நிறுத்தம், மன அழுத்தப் பயிற்சி, குழு ஆதரவு எல்லாம் சேர்ந்திருந்தன. பெருமை முழுவதையும் உணவுக்குக் கொடுக்க முடியாது.

வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர் திடீரெனக் கீரையைக் கூட்டினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கும்; அதாவது மருந்தின் வேலை குறையும். மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.