கூப்பனா, திறந்த சந்தையா? ஹனோய் போய் வந்தவரின் கேள்வி

வெள்ளவத்தைக்காரன்:
அண்மையில் வியட்நாம் தலைநகர் ஹனோய் போனேன். காலை ஆறு மணிக்கே நடைபாதை முழுக்கச் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல், பானையில் சூப் கொதிக்கிறது. கூப்பனுக்கு அரசு அளந்து சாமான் கொடுத்த காலத்தில் அங்கே கியூவில் ஆள் நிற்க முடியாவிட்டால் செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்களாம், 2022இல் இலங்கையில் நாங்கள் கேஸ் சிலிண்டரை அடுக்கி வைத்தது போல. 1986இல் சீர்திருத்தம் வந்தது, 1989இல் அரிசி ஏற்றுமதி செய்தார்கள். சந்தையைத் திறந்தார்கள், சோறு வந்தது. நாங்கள் இன்னும் இலவசம், மானியம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, வியட்நாமில் நிலம் இன்றைக்கும் தனியாருக்குச் சொந்தமில்லை, பயன்படுத்தும் உரிமைதான். அப்புறம், நாங்கள் சந்தையைத் திறந்தது 1977இல். அந்தச் சிலிண்டர் கியூ அதற்கு 45 வருடம் கழித்து வந்தது. டொலர் இல்லாமல் வந்த கியூவை இலவச ஆஸ்பத்திரியின் தலையில் கட்டாதீர்கள்.

சின்ன வெங்காயம்:
இரண்டு பேரும் கொழும்பிலிருந்தே பார்க்கிறீர்கள். 77க்கு முன் பிரதமராக இருந்த சிறிமாவோவின் காலத்தில் இங்கே விடியமுன் பாணுக்குக் கியூ. அதே நேரம் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை, எங்கள் அப்பா கல்வீடு கட்டியது அந்தக் காசில்தான். 77க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியது, தோட்டக்காரன் பாடு திண்டாட்டம்.

வெள்ளவத்தைக்காரன்:
சரி அண்ணை, உங்கள் கல்வீட்டுக்காகக் கொழும்புச் சனம் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றதா? கூப்பன் நல்லதென்றால் கியூபாவைப் பாருங்கள், 1962இலிருந்து ரேஷன் புத்தகம், ஆனால் சாமான்?

கொட்டாஞ்சேனை அக்கா:
கனடாவில் இருக்கும் தங்கை ஹவானாவில் அந்தக் கடைக்குள்ளேயே போய்ப் பார்த்தவள். கரும்பலகையில் விலை, கடைக்காரர் புத்தகத்தில் பேனாவால் குறித்துவிட்டு அரிசியை நிறுத்துக் கொடுக்கிறார், அது மாதம் முழுக்கக் காணாது. மறைக்கவில்லை. ஆனால் குடும்ப டொக்டர் நடக்கிற தூரத்தில் இருக்கிறார், காசு வாங்குவதில்லை. கியூபா மீதான அமெரிக்க வர்த்தகத் தடையையும் கணக்கில் எடுங்கள். சிங்கப்பூரையும் சொல்லுங்களேன், கிட்டத்தட்ட 80 சதவீதச் சனம் அரசு கட்டிய வீட்டில்தானே இருக்கிறது?

வெள்ளவத்தைக்காரன்:
கட்டியது அரசு, ஆனால் காசுக்கு விற்றது, அதுவும் 99 வருடக் குத்தகைக்கு. பெரும்பாலானோர் தங்கள் சேமநிதியிலிருந்து கட்டுகிறார்கள். இங்கே 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதம் ஆனதும் ஹர்த்தால், பிரதமர் டட்லி பதவியை விட்டே போனார். அதற்குப் பிறகு யாருக்குத் துணிவு வரும்?

கொட்டாஞ்சேனை அக்கா:
ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு வந்ததே! 1979இல் அரிசிக் கூப்பனை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார். முத்திரையில் தொகை அப்படியே நின்றது, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த முத்திரையோடு கடைக்குப் போன வீட்டுக்காரிகளிடம் போய்ச் சொல்லுங்கள், சந்தை சோறு போட்டதென்று.