பையில் இருப்பது உங்களுடையதே: துபாய், லண்டன், ரொறன்ரோ போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து அண்மையில் புறப்பட்டவர்கள் வெளிநாட்டுப் போதைப்பொருள் சட்டங்கள் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. வளைகுடாவில் நெடுநாள் வேலை செய்தவன், பிடிபட்ட நம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கப் பொலிஸ் நிலையம் போய் வந்தவன்.

முதலில் மருந்து. கஞ்சாவைக் கண்ணால் காணாதவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முதுகுவலிக்கு எழுதிய ட்ராமடோல், நரம்புவலிக்கான ப்ரீகபலின், கோடீன் சேர்ந்த இருமல் பாணி, தூக்கத்துக்கான டயசிபாம் எல்லாமே அமீரகத்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். விமானம் ஏறுமுன்பே அந்த நாட்டின் அனுமதியை இணையத்தில் எடுக்க வேண்டும். மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர்ப் பாமசியில் குளிசைகளை எண்ணிச் சிறு கடித உறையில் போட்டுத் தருவார்கள். அந்த உறையோடு போய் இறங்காதீர்கள். மூடிய பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். மதன மோதகத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆயுர்வேதக் கடையில் வெளிப்படையாக விற்றாலும் அதில் கஞ்சா சேர்கிறது. சுங்க அதிகாரிக்கு அது லேகியம் அல்ல, கஞ்சா.

அமீரகத்தில் பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போதாது. இரத்தத்திலோ சிறுநீரிலோ தடயம் இருந்தால் அதையும் வைத்திருந்ததாகவே கொள்கிறார்கள். ‘ஊரில் ஒருநாள் இழுத்தது’ என்று சொல்லித் தப்பலாம் என எண்ணிப் போகாதீர்கள்.

அடுத்தது பார்சல். நம் பக்கத்தில் ‘கொண்டுபோக முடியாது’ என்று சொல்வது உறவை முறிப்பது போல. வாழைச்சேனை மாமி தன் மகனுக்கென்று மாசிச் சம்பல் போத்தலைத் தருவார்; எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். தருபவருக்கு முன்னாலேயே திறந்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி, உங்கள் கையால் கட்டுங்கள். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். தையல் பிரிக்க முடியாத தலையணை, ஒட்டி மூடிய டின், கட்டுநாயக்கவில் கடைசி நேரத்தில் ‘இதையும் ஒருக்கால்’ என்று நீட்டப்படும் பை ஆகியவற்றுக்கு மட்டும் இல்லை என்றே சொல்லுங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில், உங்கள் வசமுள்ள பையில் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அங்கே 15 கிராமுக்கு மேல் தூய ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை. நம் நாடு இளகியது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இங்கே 2 கிராம் ஹெரோயினே மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ போதும்.

லண்டன் போனவர்கள் ஒன்றை அறியாமல் இருக்கிறார்கள். நண்பர்கள் வட்டமாக இருந்து ஒரே சுருட்டைக் கைமாற்றிக்கொண்டால், கைமாற்றியவர் காசு வாங்காவிட்டாலும் விநியோகம் செய்தவர் ஆகிறார். கஞ்சாவை வைத்திருந்ததற்கு உச்சத் தண்டனை 5 ஆண்டு, விநியோகத்துக்கு 14. மாணவர் வீசாவில் இருப்பவருக்குச் சிறையைவிட வீசா போவதுதான் பெரிய அடி.

பொத்துவில் தங்கச்சி, உங்கள் தம்பி ரொறன்ரோவில் ‘இங்கே சட்டபூர்வம்’ என்று சொல்வது பாதி சரி. 2018 ஒக்டோபர் 17 முதல் வயதுவந்தவர் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம்; ஒன்ராறியோவில் வயது 19. ஆனால் நாட்டின் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கமும் கொண்டுபோக முடியாது. விடுமுறைக்கு வரும்போது கஞ்சா மிட்டாய் கொண்டுவந்தால் கட்டுநாயக்கவில் கைதாவார். புகைத்துவிட்டு வாகனம் ஓட்டுவது இன்னும் மோசம். 2018 டிசம்பரிலிருந்து அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டு. அந்த எண்தான் ஆபத்து: நீதவான் வெறும் தண்டப்பணத்தோடு விட்டாலும், குடிவரவுச் சட்டம் அதைக் கடுங்குற்றமாக எடுத்து நிரந்தர வதிவிட உரிமையைப் பறிக்க முடியும்.

வளைகுடா முகாம்களில் பலர் ஒரே அறையில் இருப்பீர்கள். அலுமாரிக்குப் பூட்டுப் போடுங்கள், சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பிடிபட்டால் விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்பது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை. நீங்கள் கேட்காவிட்டால் அறிவிக்காமலும் விடுவார்கள். இங்கிலாந்துப் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி இலவசம், அவர் வரும்வரை வாய் திறக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போனவரின் வீட்டார் ஊரிலிருந்தே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம். கடவுச்சீட்டின் பிரதியும் வேலை ஒப்பந்தமும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.