பிஜிஎஃப்பிளாட்ஸில் எரர் பார்: நுனிக்கோடு காணாமல் போகிறது, லாக் அச்சில் கீழ்ப்பாதியே வரவில்லை

நீலச்சாயம் கேட்டது:

வணக்கம் மக்களே. தீசிஸ் வரைபடங்களை எல்லாம் ஆரிஜின் மென்பொருளிலிருந்து லேடெக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், அங்கே வரைவது பிஜிஎஃப்பிளாட்ஸ் பேக்கேஜ். படத்தில் ஒரு எழுத்துரு, பத்தியில் ஒரு எழுத்துரு என்று இருக்கக் கூடாதாம், கைடு ஒரே பிடிவாதம். கோடு, புள்ளி எல்லாம் வந்துவிட்டது, எரர் பாரில்தான் (புள்ளிக்கு மேலும் கீழும் பிழையளவைக் காட்டும் பட்டை) மாட்டிக்கொண்டேன். (கைபேசியில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு வினையூக்கிகளை வைத்து மெத்திலீன் புளூ சாயம் ஒளியில் சிதைவதுதான் சோதனை. 664 நானோமீட்டரில் உறிஞ்சல் எடுத்து, மிச்சமிருக்கும் செறிவின் விகிதத்தை நேரத்துக்கு எதிராகப் போடுகிறேன், ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று தனித்தனி ஓட்டம். சிஎஸ்வி கோப்பில் நேரம், சராசரி, விலக்கம் என்று மூன்று பத்திகள். ஆட்பிளாட் கட்டளையில் ‘ஒய் எரர்’ என்று விலக்கம் பத்தியைக் கொடுத்தேன், பட்டையே வரவில்லை. இணையத்தில் பார்த்து ‘எரர் பார்ஸ்/.சிடி’ என்று சேர்த்தால் ‘மார்க்’ என்ற விசையே தெரியாது என்கிறது, அதுவரை தெரிந்த மார்க் திடீரென்று எப்படித் தெரியாமல் போகும்? அப்புறம் ஒருவழியாகப் பட்டை வந்தது, கொஞ்சம் தடிமனாக்கலாம் என்று போனால் நுனியில் இருந்த குறுக்குக்கோடு காணோம். இரண்டாவது வினையூக்கிக்குக் கோட்டைப் புள்ளிக்கோடாக வைத்தேன், பட்டையும் துண்டு துண்டாகிவிட்டது.

---

பழைய டெக்கர் எழுதியது:

ஒவ்வொன்றாகப் போவோம். எல்லாமே எல்லோரும் மாட்டும் இடங்கள்தான்.

பட்டை வராததற்குக் காரணம், திசை சொல்லவில்லை. பிஜிஎஃப்பிளாட்ஸில் பிழை மதிப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் வரைய வேண்டும் என்று நீங்கள் சொல்லும்வரை அது வரையாது, அதன் இயல்பு நிலை ‘நன்’. ஆகவே ‘ஒய் டிர்=போத்’ வேண்டும். மேலே மட்டும் போதுமென்றால் ‘பிளஸ்’, கீழே மட்டும் என்றால் ‘மைனஸ்’. அதோடு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். கோப்பிலிருந்து என்றால் ‘ஒய் எக்ஸ்ப்ளிசிட்’, எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு என்றால் ‘ஒய் ஃபிக்ஸ்ட்=0.05’, ஐந்து சதவீதம் என்றால் ‘ஒய் ஃபிக்ஸ்ட் ரிலேட்டிவ்=0.05’.

இன்னொன்றையும் பாருங்கள். ஆட்பிளாட்டுக்கு ஒரு சதுர அடைப்பு, அதற்குள் கோப்பைப் படிக்கும் டேபிளுக்கு இன்னொரு சதுர அடைப்பு. திசையும் எக்ஸ்ப்ளிசிட்டும் முதல் அடைப்பில், ‘ஒய் எரர்=விலக்கம்’ என்ற பத்திப் பெயர் இரண்டாவதில். கோப்பு காற்புள்ளியால் பிரிந்ததென்றால் அந்த இரண்டாவது அடைப்பிலேயே ‘கால் செப்=கமா’ என்றும் போட வேண்டும், இல்லாவிட்டால் முழு வரியையும் ஒரே பத்தியாக எடுத்துக்கொண்டு, அப்படியொரு பத்தி இல்லை என்று கத்தும்.

மார்க் தெரியாமல் போன கதைக்கு அந்த ‘.சிடி’தான் காரணம். லினக்ஸ் டெர்மினலில் சிடி போட்டு ஒரு ஃபோல்டருக்குள் போவது போலத்தான் இதுவும். அந்த இடத்துக்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு விசையையும் ‘எரர் பார்ஸ்’ என்ற அறைக்குள்ளேயே தேடும், மார்க் அங்கே இல்லை. மார்க், நிறம், கோட்டுத் தடிமன் எல்லாவற்றையும் முதலில் எழுதிவிட்டு ‘எரர் பார்ஸ்/.சிடி’ சமாசாரத்தை அடைப்பின் கடைசியில் வையுங்கள். அல்லது சிடியே போடாமல் ‘எரர் பார்ஸ்/ஒய் டிர்=போத்’ என்று ஒவ்வொன்றையும் முழுப் பாதையோடு எழுதுங்கள். நீளம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் புரியும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

துண்டு துண்டான பட்டை: பட்டை தன் கோட்டின் பாணியை அப்படியே வாங்கிக்கொள்ளும். ‘எரர் பார் ஸ்டைல்’ என்ற விசைக்குள் ‘சாலிட்’ என்று போட்டால் சரியாகிவிடும். தடிமனும் அங்கேதான்.

நுனிக்கோடு விஷயம் கொஞ்சம் குசும்பானது. அது தனியாக ஒரு குறி, வெறும் கிடைக்கோடு. பட்டையின் சரிவுக்கேற்ப அதைத் திருப்பி வைக்கிறார்கள், அதனால் குறுக்கே நிற்க வேண்டுமென்றால் 90 டிகிரி சுழற்ற வேண்டும், அந்தச் சுழற்சி ‘எரர் மார்க் ஆப்ஷன்ஸ்’ விசையில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அந்த விசையில் தடிமன் மட்டும் கொடுத்தீர்கள், பழைய மதிப்பு அடிபட்டது. கோடு எங்கும் போகவில்லை, பட்டையின் மேலேயே படுத்துக்கொண்டிருக்கிறது. ‘ரொட்டேட்=90, மார்க் சைஸ்=3பிடி, லைன் விட்த்=0.8பிடி’ என்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள், எழுந்து நிற்கும். நுனியே வேண்டாம் என்றால் ‘எரர் மார்க்=நன்’.

---

நீலச்சாயம் எழுதியது:

அண்ணா, நுனிக்கோடு எழுந்து நின்றுவிட்டது, மிக்க நன்றி. இப்போது தலைப்பில் சொன்ன இரண்டாவது சிக்கல். முதல் வரிசை வினை (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) என்று காட்ட ஒய் அச்சை லாக், அதாவது மடக்கை, ஆக்கினேன். 30 நிமிடத்தில் 0.52 ± 0.03, அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 120 நிமிடத்தில் 0.03 ± 0.04, அங்கே கீழ்ப்பாதி வரவே இல்லை. பேக்கேஜில் பிழையா?

---

சராசரிக்காரி எழுதியது:

பேக்கேஜில் பிழை இல்லை தம்பி. 0.03-லிருந்து 0.04-ஐக் கழித்தால் −0.01, எதிர்ம எண்ணுக்கு மடக்கை ஏது? லாக் அச்சில் பட்டையின் நுனி, மதிப்பில் பிழையைக் கூட்டிக் கழித்த பிறகு எடுத்த மடக்கை. அதனால்தான் 30 நிமிடப் பட்டையிலும் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும், அளந்து பாருங்கள்.

வரைய மட்டும் வழி வேண்டுமென்றால் இருக்கிறது. கோப்பில் மேல்பிழைக்கு ஒரு பத்தி, கீழ்ப்பிழைக்கு ஒரு பத்தி என்று பிரித்து, டேபிள் அடைப்பில் ‘ஒய் எரர் பிளஸ்’, ‘ஒய் எரர் மைனஸ்’ என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். அச்சின் அடி 0.01 என்றால் கடைசிப் புள்ளிக்குக் கீழ்ப்பிழையை 0.02 என்று வைத்தால் பட்டை அச்சைத் தொட்டு நிற்கும், படத்தின் கீழே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நானாக இருந்தால் அந்தப் புள்ளியையே லாக் படத்தில் வைக்க மாட்டேன். பிழை மதிப்பைவிடப் பெரிதாக இருக்கிறதென்றால் உங்கள் கருவியால் அந்தச் செறிவைச் சுழியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று பொருள். வேக மாறிலிக்கு நேர்கோடு பொருத்தும்போது அந்த ஒரு புள்ளி சாய்வையே இழுத்துக்கொண்டு போய்விடும். விகிதத்தின் மடக்கையில் பிழை என்பது தோராயமாக விலக்கத்தை மதிப்பால் வகுத்தது: 30 நிமிடத்தில் 0.06, 120 நிமிடத்தில் 1.3. அவ்வளவு பெரிதானால் அந்தத் தோராயமே செல்லாது. நேரியல் அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரு படம், மடக்கையில் 90 நிமிடம்வரை இன்னொரு படம், இப்படிப் போட்டால் வைவாவில் யாரும் கேட்க முடியாது.

இன்னொரு கேள்வி, கேட்காமல் இருக்க முடியவில்லை: அந்த ‘விலக்கம்’ பத்தி எக்செலில் எந்தச் சார்பு? முடிவில் ‘பி’ வருவது முழுத்தொகுதிக்கானது, ‘எஸ்’ வருவதுதான் மாதிரிக்கானது. மூன்றே அளவீடு என்றால் ‘பி’ கொடுப்பது ‘எஸ்’ கொடுப்பதில் 82 சதவீதம்தான், பட்டை சும்மா குட்டையாகிவிடும்.

படத்தின் கீழே ‘எரர் பார்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, 95% நம்பிக்கை இடைவெளியா? மூன்று ஓட்டத்துக்குத் திட்டப் பிழை என்பது விலக்கத்தை 1.73-ஆல் வகுத்தது, நம்பிக்கை இடைவெளி என்பது அந்தத் திட்டப் பிழையை 4.30-ஆல் பெருக்கியது. ஒரே தரவு, ஒரு பட்டை இன்னொன்றைப்போல நான்கு மடங்குக்கும் மேல். பட்டை சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே திட்டப் பிழையைப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எண்ணிக்கையை எழுதவும் மாட்டார்கள்.

---

பைத்தான் பக்தன் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில் ‘எரர்பார்’ என்று ஒரு சார்பு, ‘ஒய்எரர்’ கொடுத்தால் பட்டை, ‘கேப்சைஸ்’ கொடுத்தால் நுனிக்கோடு. முடிந்தது.

---

பழைய டெக்கர் எழுதியது:

முடியவில்லை. மேட்பிளாட்லிபிலும் கேப்சைஸ் இயல்பில் சுழி, நுனிக்கோடு கேட்டால்தான் வரும். எழுத்துருவையும் தீசிஸோடு பொருத்த வேண்டும். பைத்தானில்தான் கணக்கு போடுகிறீர்கள் என்றால் தாராளமாக அங்கேயே வரையுங்கள், எனக்கொன்றும் இல்லை. ஆனால் இவரிடம் சிஎஸ்வி தயாராக இருக்கிறது, தரவு மாறினால் கோப்பை மாற்றி ஒரு முறை கம்பைல் செய்தால் போதும்.

---

நீலச்சாயம் எழுதியது:

அக்கா, பார்த்தேன், ‘பி’தான் போட்டிருந்தது. லேபில் கைமாறி வந்த ஷீட், அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பத்தியையும் ‘எஸ்’ஸுக்கு மாற்றிவிட்டேன். திட்ட விலக்கம், மூன்று ஓட்டம் என்று படத்தின் கீழேயும் எழுதியாயிற்று. லாக் படம் 90 நிமிடத்தோடு நிற்கிறது, கைடு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று: இரண்டு வினையூக்கிக்கும் ஒரே நேரப் புள்ளிகள், பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முதல் சில புள்ளிகளில் பட்டை குறிக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

---

பழைய டெக்கர் எழுதியது:

முதலாவதற்கு, இரண்டாவது தொடரின் டேபிள் அடைப்பில் ‘எக்ஸ்=நேரம்’ என்பதற்குப் பதிலாக ‘எக்ஸ் எக்ஸ்பிஆர்’ விசையைப் போட்டு, திஸ்ரோ கட்டளையால் நேரத்தை எடுத்து அதோடு 1 கூட்டுங்கள். 120 நிமிட அச்சில் ஒரு நிமிடம் கண்ணுக்குப் பிரிந்து தெரியும், ஆனால் படத்தின் கீழே ‘தெளிவுக்காக நகர்த்தப்பட்டது’ என்று எழுதியே ஆக வேண்டும். கோடு பொருத்துவது நகர்த்தாத தரவில்தான். புள்ளிகள் நெருக்கமாக நூற்றுக்கணக்கில் இருந்திருந்தால் பட்டையே வேண்டாம், ஃபில்பிட்வீன் நூலகத்தைக் கூப்பிட்டு மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே வெளிர்நிறம் பூசச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தேவைப்படாது.

இரண்டாவதற்கு, ‘மார்க் சைஸ்’ இயல்பில் 2பிடி, அதை 1.2 ஆக்கிப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், ‘பட்டை தெரியாத இடங்களில் அது குறியைவிடச் சிறியது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

---

சராசரிக்காரி எழுதியது:

அந்த ஷீட்டை அடுத்த ஜூனியருக்குக் கொடுப்பதற்கு முன் திருத்திவிட்டுக் கொடுங்கள் தம்பி.