சானி கணவாய் ஏற ஹிமாலயன் 450-ஆ, ஹோண்டா 300-ஆ? ஏறிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

துறைமுகத்தான் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி, இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. தார் ரோட்டிலும் கரும்புத் தோட்டத்து மண் பாதையிலும் அதைக் குறை சொல்லவே முடியாது.

போன ஆகஸ்டில் அதில்தான், தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையான சானி கணவாய்க்குப் போனேன். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. ஹௌவிக் தாண்டி, புல்வர் வழியாக அண்டர்பர்க் வரை சுகமான பயணம். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் முதல் நாலைந்து கிலோமீட்டர் எப்படியோ ஏறிவிட்டோம். மேலே கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் இடத்தில்தான் சிக்கல். பாதை முழுக்கத் தேங்காய் அளவு கற்கள். ஒரு வளைவின் நடுவில் எதிரே லேண்ட் குரூசர் ஒன்று இறங்கி வந்ததால் நிறுத்தினேன். அப்புறம் கிளப்ப முடியவில்லை. கிளட்ச்சைப் பாதி விட்டு முறுக்கினால் பின் சக்கரம் கல்லை வாரி இறைக்கிறதே தவிர வண்டி நகரவில்லை. இரண்டு நிமிடத்தில் கிளட்ச் கருகும் வாசனை. மனைவி இறங்கி நடந்தாள். நான் வண்டியைத் திருப்பும்போது பள்ளத்துப் பக்கமாகச் சாய்த்துவிட்டேன். அந்த லேண்ட் குரூசர்காரர் ஓடி வந்து பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்தே திரும்பி வந்தோம்.

எட்டு மாதமாக அந்த வளைவு மனதை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் ஏறியே ஆக வேண்டும். 411-ஐக் கொடுத்துவிட்டு வேறு வண்டி வாங்கலாம் என்று பார்க்கிறேன். மனதில் இருப்பவை இரண்டு: புது ஹிமாலயன் 450, ஹோண்டா சிஆர்எஃப் 300 எல். புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். 450-க்கு 40 குதிரைத்திறன், 196 கிலோ. ஹோண்டாவுக்கு 27 குதிரைத்திறன், 142 கிலோ. நான் கேட்பது வேறு. நடை வேகத்தில், கல் பாதையில், வளைவுக்குள் எது சொன்னபடி கேட்கும்? நின்றுவிட்டால் மறுபடி எது கிளம்பும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தாய்மாமா திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னை வண்டி என்றால் எனக்கு ஒரு பாசம் உண்டு. அதைப் பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

இரட்டை சிலிண்டர் (உம்ஷ்லாங்கா)

அண்ணா, இரண்டையும் விடுங்கள். யமஹா டெனரே 700 பாருங்கள். 73 குதிரைத்திறன், 68 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. மேலே போய்க் கால்வாசி குறைந்தாலும் மிச்சம் இருப்பது 450-ஐவிட அதிகம். நான் செப்டம்பரில் ஏறினேன், எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை. விலை அதிகம்தான். ஆனால் ஒரு தடவை வாங்கினால் நமீபியா வரைக்கும் கவலை இல்லை.

மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்

தம்பி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 30 வருடமாக பைக் வேலை செய்கிறேன். சானியில் எத்தனை தடவை ஏறினேன் என்று எண்ணி வைக்கவில்லை. என் பாட்டி சொல்லிக் கொடுத்த தமிழ், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயரத்தைப் பற்றி. கணவாயின் உச்சி 2,876 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) இல்லாத எந்த பெட்ரோல் எஞ்சினும் கால்வாசிச் சக்தியை அங்கே இழக்கும். 450-இன் 40 என்பது 30 ஆகிவிடும், ஹோண்டாவின் 27 என்பது 20, உன் 411-இன் 24 என்பது 18. பழைய கார்புரேட்டர் வண்டிகள் இதற்கு மேல் பெட்ரோலையும் அதிகமாகக் குடித்துப் புகை கக்கும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். போன சக்தி திரும்பி வராது.

ஆனால் உன் வண்டி அந்த வளைவில் நின்றதற்குச் சக்தி காரணம் இல்லை. கணக்குப் போட்டுப் பார். வண்டி 199 கிலோ, நீ ஒரு 80, வீட்டுக்காரி, பெட்டிகள். எப்படியும் 360 கிலோவுக்கு மேல். பாரத்தில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல். மேட்டில் முன் சக்கரம் மிதக்கிறது, திருப்பினால் திரும்பாது. உருளும் கல் மேல் பின் சக்கரத்துக்குப் பிடிப்பும் கிடையாது. 73 குதிரை இருந்தாலும் அந்த இடத்தில் கல்தான் பறக்கும். உம்ஷ்லாங்காத் தம்பி சொல்லும் டெனரே நல்ல வண்டி, மறுக்கவில்லை. 205 கிலோ வண்டியை அந்த வளைவில் தூக்கி நிறுத்துகிறவன்தான் அதன் எடையைப் பற்றிப் பேச வேண்டும். மேலே உன் நுரையீரலுக்கும் அதே முக்கால் காற்றுதான்.

சரி, இரண்டு வண்டிக்கு வருகிறேன். 450-ஐப் போன நவம்பரில் மழை விட்ட மறுநாள் ஏற்றினேன், ஒரு வாடிக்கையாளருடையது. ஹோண்டா என் மகனிடம் இருக்கிறது. அதில் மூன்று தடவை ஏறியிருக்கிறேன்.

450-க்கும் உன் 411-க்கும் பெயர்தான் ஒன்று. 411-இல் பிஸ்டன் ஓடும் நீளம் 86 மில்லிமீட்டர், சிலிண்டர் அகலம் 78. நீண்ட ஓட்டம் என்பதால் டிராக்டர் மாதிரி மெதுவாக உறுமிக்கொண்டே இழுக்கும். 450-இல் அகலம் 84, ஓட்டம் 81.5. அது சுழற்சி ஏறினால்தான் உயிர் பெறும் எஞ்சின். நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்குக் கீழே விட்டால் சோர்ந்து போகும், வளைவின் நடுவில் சட்டென்று அணையவும் செய்யும். எனக்கு இரண்டு தடவை அணைந்தது. 3,500-க்கு மேலே வைத்து, கிளட்ச்சை ஒற்றை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஓட்டினால் அருமையாக ஏறுகிறது. நேர் மேட்டில் ஹோண்டாவை நிச்சயம் முந்தும். சஸ்பென்ஷன் 411-ஐவிட எவ்வளவோ மேல், கல்லில் மோதினால் கைப்பிடியைப் பிடுங்குவதில்லை. இறங்கும்போது பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அணைத்துவிடலாம், அது பெரிய உதவி.

ஹோண்டாவில் ஏறியதும் மலையே சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும். 54 கிலோ குறைவு என்பதைப் புத்தகத்தில் படித்தால் புரியாது. முன் சக்கரம் கல்லில் வழுக்கி வழி மாறினால், 450-இல் நீ அது போகிற பக்கம் போக வேண்டும். ஹோண்டாவில் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். அடிவயிறு தரையிலிருந்து 285 மில்லிமீட்டர் உயரம், கல் இடிக்காது. முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், ஒரு பல் குறைத்துப் போட்டிருக்கிறோம். செலவு கொஞ்சம்தான், ஃபர்ஸ்ட் கியரில் நடை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. நின்று கிளம்புவதற்கு அது ஒன்றே போதும்.

குறையையும் கேட்டுக்கொள். பெட்ரோல் டாங்க் 7.8 லிட்டர். டர்பனிலிருந்து அண்டர்பர்க் 200 கிலோமீட்டர், கையில் உயிரைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர வேண்டும். என்-3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 110-இல் ஓட்டினால் உட்காரும் இடம் மரத்துவிடும். சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும், வேகமாகப் போனால் குதித்துக்கொண்டே வரும்.

ஆக, கணவாய்க்கு மட்டும் என்றால் ஹோண்டா. வருடம் முழுக்க ஒரே வண்டி என்றால் 450. ஆனால் எதை வாங்கினாலும் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அந்தக் கடைசி வளைவுகளுக்குப் போகாதே. ஹிம்வில், அண்டர்பர்க் இரண்டிலும் 4x4 வண்டியில் ஆட்களை மேலே கூட்டிப்போகிறார்கள். வீட்டுக்காரியை அதில் அனுப்பு. சாதாரணக் காரைச் சாவடியிலேயே விடமாட்டார்கள், அப்படிப்பட்ட பாதை அது.

சாவடியில் நிறுத்தும்போதே டயர் காற்றை ஒன்றரை பார் அளவுக்கு இறக்கிவிடு. வளைவில் கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். எழுந்து நின்று ஓட்டு. வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து, கல்லும் அங்கேதான் குவியும். வெளிப்பக்கமாக அகலமாகப் போ. எதிரே வண்டி வந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே காத்திரு. அணைந்துவிட்டால் கியரிலேயே விட்டு, கிளட்ச்சால் பின்னால் இறக்கி, மலைப் பக்கமாகச் சாய்த்து நிறுத்து. பள்ளத்துப் பக்கம் சாய்த்ததாக எழுதியிருக்கிறாய், படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

வெண்பனி (ஜோஹன்னஸ்பர்க்)

மெக்கானிக் ஐயா சொல்வதை வேறொரு பக்கத்திலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு குளிர்காலம் கனடாவின் ரெவல்ஸ்டோக்கில் மலைப் பனிவண்டிகள் பழுது பார்த்தேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர்ப் பட்டை. அங்கேயும் இதே சண்டைதான், எது நன்றாக ஏறும், எது நன்றாகத் திரும்பும் என்று. 165 அங்குலப் பட்டை போட்ட வண்டி புதைபனியில் மிதந்து நேராக ஏறிக்கொண்டே இருக்கும். 154 அங்குலம் என்றால் மரங்களுக்கு நடுவே சுலபமாகத் திரும்பும், ஆனால் செங்குத்தில் சீக்கிரம் பள்ளம் தோண்டிப் புதைந்துவிடும். போலாரிஸ் நிறுவனமே ஒரே எஞ்சினோடு இரண்டு விதமாக விற்கிறது. கேயாஸ் என்பது முன்பக்கத்தைத் தூக்கி விளையாடும் வண்டி, ப்ரோ என்பது அடங்கி ஒட்டி ஏறும் வண்டி. உயரத்தில் சக்தி போவதைத் தடுக்க ஸ்கீ-டூ என்ற இன்னொரு பனிவண்டிப் பிராண்டு 2020 மாடலில் டர்போவையே ஆலையில் பொருத்திக் கொடுத்தது. அதை ஓட்டியவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் அங்கே பழைய கைகாரர்கள் புதிதாக வருபவனுக்கு டர்போவைக் கொடுக்கமாட்டார்கள். பனியில் சரிவுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து ஓட்டப் பழகு, சக்தி அப்புறம் என்பார்கள். முறுக்கினால் பள்ளம்தான் ஆழமாகும். கல்லானாலும் பனியானாலும் இது ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். ஜூலையில் இங்கே குளிர்காலம், அப்போது போகாதீர்கள். உச்சிக்குப் பக்கத்தில் ஐஸ் கார்னர் என்றே ஒரு வளைவு இருக்கிறது, வெயில் எட்டாது. பகலில் உருகும் பனி இரவில் கண்ணாடியாக உறையும். பைக் டயருக்கு அங்கே பிடிமானம் கிடையாது. ஏப்ரல் கடைசி நல்ல சமயம்.

சாட்ஸ்வர்த் மீனா

அண்ணா, இருக்கையின் உயரத்தை யாருமே சொல்லவில்லை. ஹோண்டா 880 மில்லிமீட்டர். நான் ஐந்தடி இரண்டங்குலம், தரையில் விரல் நுனிகூடப் படவில்லை. கல் பாதையில் நின்றால் கால் ஊன்ற இடம் வேண்டுமே! 450-இல் 825-க்கு இறக்கலாம். உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும் என்று கடையில் சொல்வார்கள், ஹோண்டாவில் அது உண்மைதான், கொஞ்சம் அமுங்கும். ஆனாலும் வாங்கும் முன் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், மேடான இடத்தில் நிறுத்தி உட்கார்ந்து பாருங்கள். கடைக்குள் சமதளத்தில் பார்த்து ஏமாந்தவள் சொல்கிறேன்.

துறைமுகத்தான் (டர்பன்)

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணன் தனியாகப் பேசி, மகனுடைய ஹோண்டாவையே தருகிறேன் என்றார். முன்பின் தெரியாதவனுக்கு யார் இப்படிக் கொடுப்பார்கள்? என் 411-ஐ மாரிட்ஸ்பர்க்கில் அவர் பட்டறையில் விட்டுவிட்டு, போன சனிக்கிழமை ஏறினேன். மனைவி காலையிலேயே 4x4 வண்டியில் போய்விட்டாள்.

அண்டர்பர்க்கில் டாங்கை நிரப்பினேன், சாவடியில் காற்றை இறக்கினேன். மீனா தங்கை, நான் ஐந்தடி ஒன்பது, முன்பாதம் ஊன்ற முடிந்தது. அந்த வளைவு வந்ததும் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தினேன். கால் நடுங்கியது உண்மை. கல்லின் மேலேயே நின்று, மூச்சு வாங்கி, ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சை விட்டேன். பின் சக்கரம் ஒரு கல்லை மட்டும் உதறியது, அப்புறம் ஏறிவிட்டது. சத்தம் போட்டுவிட்டேன். அதற்கு மேல் எல்லா வளைவையும் வெளிப்பக்கமாகவே எடுத்தேன். எஞ்சின் நேர் மேட்டில் கொஞ்சம் அழுதது, ஃபர்ஸ்ட் கியரைத் தாண்ட விடவில்லை. அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மேலே போர்வை போர்த்திய லெசோத்தோவின் பசோத்தோ இனப் பெரியவர் ஒருவர் குதிரையில் உட்கார்ந்து நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் மனைவி, ஃபிளாஸ்க்கில் டீயோடு.

411-ஐக் கொடுக்கப் போவதில்லை. அண்ணன் கிளட்ச் தட்டுகளை மாற்றிக் கொடுத்துவிட்டார், கரும்புத் தோட்டத்துக்கு அது போதும். மலைக்கு ஒரு பழைய ஹோண்டா தேடுகிறேன். டர்பன் பக்கம் யாராவது விற்பதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைந்திருந்தால் இன்னும் நல்லது.